ஊர் சுற்றிய மூக்குக்கண்ணாடி

யுத்தம் முடிந்து சில வருடங்களில் ஆலங்குடாவில் கண்ணோய் பரவியது. கடற்கரைக்கு வரும் வெள்ளைக்காரரைவிட எங்கள் மீனவர்களிடம் அதிகமான கறுப்புக் கண்ணாடிகள் இருந்தன. நோயாளியின் கண்ணைப் பார்த்தாலே தொற்றிவிடும் என்பது ஊரின் முடிவு. நான் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். பார்வையால் தொற்றாது, கையால்தான் தொற்றும் என்று தேத்தண்ணிக் கடையில் தினமும் பாடம் நடத்தினேன்.

கடை நடத்தியவரை எல்லோரும் அக்கா என்போம். அவர் வேறு விதமாக யோசித்தார்.

"கண் வருத்தம் கடைப் பேப்பர் கை மாறிப் போற வழியாலதான் போகுது சேர். முதல் தபால்காரர், பிறகு தேங்காய்த் தும்பு மில் ஐயா. இனி சலூன்காரர், பாருங்கோவன்."

இரண்டு நாளில் சலூன்காரர் சிவந்த கண்ணோடு வந்தார். தற்செயல் என்றேன்.

"அப்ப அந்தத் தற்செயல் அடுத்ததா உங்களிட்டத்தான் வரும்."

கடையே சிரித்தது. எனக்கு வராது என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

அக்கா சொன்ன வழி சரிதான். ஆனால் பத்திரிகையோடு என் மூக்குக்கண்ணாடியும் கை மாறிக்கொண்டிருந்ததை அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. கிட்டத்து எழுத்துத் தெரியாத வயதுக்காரர் எல்லோருக்கும் அந்தக் கடையில் அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் காலை என் வலது கண் மணல் விழுந்ததுபோல் உறுத்தியது. இமை ஒட்டியிருந்தது. என்னவென்று எனக்குத் தெரியும். அக்காவிடம் தோற்க மனமில்லாமல் முகத்தைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போனேன்.

அங்கே, அண்ணன் முறையில் நாங்கள் நானா என்று அழைக்கும் சம்மாட்டியார் இருந்தார். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கே கரைவலை வைத்திருந்தவர். கரையில் நின்று தண்ணீரின் நிறம் கறுப்பதைப் பார்த்தே மீன் எங்கே நிற்கிறது என்று சொல்வார். இப்போது இரண்டு கண்ணிலும் புரை. வலைப் பருவத்துக்கு முன் அறுவைச் சிகிச்சைக்கு நாள் கிடைத்திருந்தது. கண்ணோய் வந்தால் அந்த நாள் போய்விடும் என்று மனைவி அவரை வெளியே விடுவதேயில்லை. கிளினிக் அட்டையை எங்களுக்குக் காட்டுவதற்காகத் தப்பி வந்திருந்தார்.

"திகதியை நான் வாசிக்கட்டா நானா?"

"வாணாம் சேர், என்ட கண்ணாலயே பாக்கணும். கண்ணாடியத் தாங்க."

தயங்கினேன். காரணத்தைச் சொன்னால் கடை முழுவதும் கேட்கும். கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக் கொடுத்தேன். அவர் அதை மாட்டிக் கண்ணைக் கசக்கிக் கசக்கித் திகதியைக் கண்டுபிடித்துவிட்டு, பரீட்சையில் பாஸானவர்போல் சிரித்தார்.

அந்தத் திகதிக்கு முன்பே அவர் கண் சிவந்தது. இன்னொரு நாள் கிடைக்கும்போது பருவம் பாதி முடிந்திருக்கும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். நான் அவர் வீட்டுக்குப் போய், என் கண்ணாடியால்தான் வந்தது என்று சொன்னேன். கண்ணாடி கொடுத்த அன்று காலையிலேயே எனக்குத் தெரிந்திருந்ததைச் சொல்லவில்லை.

"அப்ப இனி நீங்கதான் என்ட கண்ணு. பருவம் தொடங்கினா விடியக் கரைக்கு வாங்க" என்றார்.

போனேன்.

"என்ன நிறம் சேர்?"

"கறுப்பு மாதிரி."

"கறுப்பா, கறுப்பு மாதிரியா?"

"கறுப்புத்தான் நானா!"

வள்ளம் போய் வலை வளைத்தது. இருபது பேர் இழுத்து முடித்தபோது வலை நிறைய, பட்டால் அரிக்கும் சொறிமீன். நான் பார்த்தது மேகத்தின் நிழலாம். "சேர் விஞ்ஞானத்தால பிடிச்ச மீன்" என்று ஒருவன் சொறிந்துகொண்டே சொன்னான். சம்மாட்டியார்தான் அதிகம் சிரித்தார். அவர் அப்படிச் சிரிக்கச் சிரிக்க எனக்குத் தலை குனிந்தது.

அறுவைச் சிகிச்சை முடிந்து அவர் மறுபடி கரையில் நின்ற முதல் நாள், சொல்லாமல் விட்டதையும் சொன்னேன்.

"வெக்கத்துலயா சேர்?"

"ஓம்."

அவர் கடலைப் பார்த்துக் கையை வீசினார். வள்ளம் புறப்பட்டது. வலை கரைக்கு வரும்வரை என் பக்கம் திரும்பாமல் கயிறு இழுப்பவர்களோடு நின்றார். வலையில் சூடை மீன் மினுங்கியது. அதில் இரண்டு கை நிறைய அள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"முதல்ல கையக் கழுவிட்டு வாங்க" என்றார்.