ஆண்களை வெளியே அனுப்புகிறவள்

செருப்பைக் கழற்றும்போதே வீட்டு ஆண்களை வெளியே அனுப்பிவிடுவாள். "அண்ணே, பெரிய மனுஷியைத் தூக்கிட்டு ஒரு சுத்து போயிட்டு வாங்க. சீக்கிரம் வந்துடாதீங்க." பெரிய மனுஷி என்றது எங்கள் மூன்று மாதக் குழந்தையை. நான் வாய் திறப்பதற்குள் குழந்தை என் தோளில் இருக்கும்.

பிழைக்க வந்த இடத்தில் பிள்ளை பெறும் பெண்களின் மனநிலையைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு அவள் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். எங்கள் குடியிருப்பில் அவளுக்கு 'ஆராய்ச்சிக்காரி' என்றே பெயர். நாற்காலி போட்டால் உட்கார மாட்டாள். சமையலறைத் தரையில் என் மனைவிக்கு எதிரே சம்மணமிட்டு, பதிவுக் கருவியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெங்காயத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். விரல் தடிமனுக்கு நறுக்குவாள். "எங்க பேராசிரியர் திட்டறாரு அண்ணே. கத்திச் சத்தம்தான் கேக்குது, பேச்சைக் காணோமாம்." குழந்தை பிறந்தபின் என் மனைவி முதன்முறை சிரித்தது, தட்டில் கிடந்த அந்தத் துண்டுகளைப் பார்த்துத்தான்.

மூன்றாம் முறை அவள் வந்தபோது மழை. குழந்தையோடு கீழே சலவைக் கடையில் ஒதுங்கினேன். இயந்திரங்களின் உறுமலில் அது தூங்கிப்போனது. கிடங்கு வேலைக்குப் போவது, வந்து தூங்குவது என்றிருந்த எனக்கு, கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் ஒரு மணி நேரம் எவ்வளவு நீளம் என்பது அந்தச் சூடான சோப்பு வாசனைக்குள்தான் தெரிந்தது. இன்றும் எங்காவது அந்த வாசனை வந்தால் என் இடது தோள் கனக்கிறது.

இறங்கி வந்தவள் முகத்தில் வழக்கமான விளையாட்டு இல்லை.

"என்னம்மா சொன்னா?"

"அதை நான் சொல்லக் கூடாது அண்ணே. உங்ககிட்ட அவங்களே சொல்றேன்னு சொல்லியிருக்காங்க. போய்ப் பக்கத்துல உக்காருங்க. 'எல்லாம் சரியாயிடும்'னு மட்டும் சொல்லிடாதீங்க."

போய் உட்கார்ந்தேன். மனைவியே பேசினாள். "இவளைத் தூக்கவே பயமா இருக்குங்க. படி இறங்கும்போது கை தானா விட்டுடுமோன்னு தோணுது." நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "எவ்வளவு நாளா?" என்று கேட்டேன். "பொறந்ததுலேர்ந்தே," என்று சொல்லி அழுதாள்.

மறுநாள் விடுப்பு எடுத்தேன். மருத்துவரிடம் ஆராய்ச்சிக்காரியும் கூடவே வந்து, மனைவி சொன்னதையெல்லாம் அந்த ஊர் மொழியில் எடுத்துச் சொன்னாள். ஆய்வாளர் அப்படித் தலையிடக் கூடாதாம்; மனைவியின் பேட்டிகளை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்கள். "போனா போகுது. டீ இருக்கா அக்கா?" என்றாள். மருந்தும் பேச்சுமாக மாதங்கள் ஓடின. மனைவி குழந்தையோடு தனியாகப் படியிறங்க வெயில்காலம் வந்துவிட்டது.

அந்தக் குடியிருப்பை விட்டு நாங்கள் வந்தாயிற்று. பட்டம் வாங்கி வேறு நகரத்தில் பாடம் நடத்துகிறாள் அவள். எங்களிடம் அத்தனை கேட்டவள் தன்னைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. அவளுடைய அம்மா இறந்ததைக்கூட அவள் தோழி சொல்லித்தான் அறிந்தோம்.

போன மாதம் வந்திருந்தாள். மனைவி மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். பின்னல் முடிந்து மகள் விளையாட ஓடினாள். ஆராய்ச்சிக்காரி எழுந்து வந்தாள். மகள் இருந்த இடத்தில், மனைவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, தன் கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.