நல்லதம்பி மாமாவின் கட்டைவிரல்

என் அக்கா ரெங்கம்மாளின் வீட்டுக்காரர் நல்லதம்பியைப் பற்றி யாராவது நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் நானும் தலையாட்டுவேன். சொல்வதெல்லாம் உண்மைதான். குடி கிடையாது, பீடி கிடையாது, யாரையும் அதட்டிப் பேசியது கிடையாது. ஆனாலும் அவர் பேச்சை எடுத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. கெட்டவர் செய்த காரியம் என்றால் திட்டித் தீர்த்துவிடலாம். நல்ல மனிதரை என்ன செய்வது?

மாமாவுக்குத் திருச்சி காந்தி மார்க்கெட்டில், நிஜாமுதீன் ராவுத்தருடைய வெற்றிலை மண்டியில் வேலை. ஸ்ரீரங்கத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்துப் போய்விடுவார். கொடிக்காலிலிருந்து கூடை கூடையாக வந்து இறங்கும் வெற்றிலையை எண்ணி, நூறு நூறாகக் கவுளி கட்ட வேண்டும். தண்ணீர் தெளித்த வெற்றிலை ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். மாமாவின் கட்டைவிரலுக்கு அடியில் இரண்டு இலை ஒன்றாகப் போன சரித்திரமே இல்லை. ஊர்க்கதை பேசிக்கொண்டே அடுக்குவார். விரல் தன்பாட்டுக்கு ஒட்டியதைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கும். அவர் கட்டிய கவுளியை யாரும் பிரித்து எண்ணிப் பார்ப்பதில்லை.

எங்கள் சொந்தத்தில் கல்யாணம் காட்சி என்றால் தாம்பூலம் எடுத்து வைக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். நல்ல காரியத்துக்கு வெற்றிலையை இரட்டைப்படையில்தான் வைப்போம். ஒற்றைப்படையில் வைப்பது சாவு வீட்டுக்கு. மாமா வைத்தால் அந்தக் கவலை யாருக்கும் கிடையாது.

அறுபத்தைந்தாம் வருஷம் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் அம்மா மண்டபம் சாலையில் ஒரு மேஜிக் கொட்டகை போட்டிருந்தார்கள். வித்தை காட்டியவன் புரொபசர் அற்புதசாமி. பெயர்தான் புரொபசர், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, கோட்டு தோளில் தொளதொளவென்று தொங்கியது. எங்கள் போதாத காலம், கூட்டத்திலிருந்து அவன் மேடைக்குக் கூப்பிட்டது மாமாவைத்தான். சீட்டுக்கட்டின் மேல் சீட்டைப் புரட்டிக் காட்டினான். ஆட்டின் ராணி, சிவப்பு இதயம் போட்ட சீட்டு. அதைக் கவிழ்த்து, மேல் சீட்டை எடுத்துக் கட்டின் நடுவில் செருகினான். பிறகு மாமாவையே மேல் சீட்டைத் திருப்பச் சொன்னான். மறுபடியும் ராணி. கொட்டகையே கை தட்டியது. மாமா மட்டும் தன் கையைப் பார்த்தபடி இறங்கி வந்தார்.

மறுநாள் ஒரு கவுளி கும்பகோணம் வெற்றிலையை எடுத்துக்கொண்டு, சிங்காரத்தோப்பில் அவன் தங்கியிருந்த லாட்ஜுக்குப் போய்விட்டார். துணைக்கு என்னையும் இழுத்துப் போனார். அற்புதசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பெரிய ரகசியமெல்லாம் இல்லீங்க. நான் மொதல்ல காட்டுனது ஒரு சீட்டு இல்ல, ரெண்டு. ரெண்டையும் ஒண்ணா பொரட்டினேன். அடியில இருந்த ராணிதான் ஒங்களுக்குத் தெரிஞ்சுது. கவுத்துட்டு மேல இருந்த வேற சீட்டத்தான் நடுவுல சொருகினேன்."

"என் கண்ணு முன்னாடி ரெண்டு ஒண்ணா போச்சா?" என்றார் மாமா. யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது அவர் முகம்.

"அதுதாங்க எல்லாத்துக்கும் அடிப்படை. கட்டைவெரலால மூலைய நெருடி ரெண்டு சீட்ட மட்டும் கொஞ்சம் தூக்குங்க. அடியில சுண்டுவெரல் சதையக் குடுத்துப் புடிச்சுக்குங்க. அப்புறம் ஒண்ணத் தூக்கற மாதிரி தூக்குங்க. நீங்க ஒண்ணுன்னு நெனச்சாப் பத்தாது. வெரலு நெனைக்கணும்."

அந்த விரல்தான் நினைக்க மறுத்தது. மாமா இரண்டு சீட்டைச் சேர்த்துப் பிடித்து உயர்த்துவார். பாதி வழியில் கட்டைவிரல் சரக்கென்று இரண்டையும் பிரித்துவிடும். மறுபடி உயர்த்துவார். மறுபடி பிரிந்துவிடும். அற்புதசாமி ஊரை விட்டுப் போகும்போது ஒரு பழைய சீட்டுக்கட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து அது மாமாவின் சட்டைப்பையில் குடியேறியது. பஸ்ஸில், சாப்பாட்டு இடைவேளையில், குளித்துவிட்டுத் தலை காயும் நேரத்தில், எப்போதும் அதே பாடுதான். அவருக்கு மேடை ஏற வேண்டும் என்ற ஆசையெல்லாம் இல்லை. விரல் சொன்னதைக் கேட்கவில்லையே என்ற வேதனைதான். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

இந்தச் சமயத்தில்தான் அவர் மகள் பாப்பாயிக்கு நான் ஒரு வரன் கொண்டுவந்தேன். அப்போது எனக்கு மண்ணச்சநல்லூரில் ரைஸ் மில்லில் வேலை. மில்லுக்குப் பக்கத்து வீட்டுக் காளியாயி அம்மாளின் ஒரே மகன் காத்தமுத்து, திருவெறும்பூரில் புதிதாக வந்த தொழிற்சாலையில் வெல்டராகச் சேர்ந்திருந்தான். அப்படிப்பட்ட மாப்பிள்ளைக்கு அன்றைக்கு எத்தனை பேர் போட்டி என்று சொல்லவே வேண்டாம். பெண் பார்க்க வந்தபோது பாப்பாயியும் அவனும் ஒருவரை ஒருவர் பார்த்த பார்வையிலேயே எனக்குப் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி இருந்தது.

காளியாயி அம்மாள் நகை கேட்கவில்லை, பாத்திரம் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஒங்க வீட்டுல யாரும் சீட்டாடுறவங்க இல்லயேப்பா?" அவர் புருஷன் இருந்த நஞ்சையையெல்லாம் சீட்டாட்டத்தில் தொலைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தவர். வயலிலும் மில்லிலும் கூலி வேலை பார்த்து மகனை ஆளாக்கியவர் அந்த அம்மாள். "எங்க வீட்டுலயா? எங்க மாமாவுக்கு வெத்திலயத் தவிர வேற எதுவும் கையில ஒட்டாதுங்கம்மா" என்று நான் ஜம்பமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

வந்த கையோடு மாமாவிடம் சீட்டுக்கட்டை அடுப்பில் போடச் சொன்னேன்.

"நான் ஆடறதில்லயே மாப்ள. எனக்கு ஆடவே தெரியாதே."

"அத நீங்க காளியாயி அம்மாகிட்ட போய் வெளக்கப் போறீங்களா?"

"போட்டுடறேன்" என்றார். போடவில்லை.

ஆடி மாதம் அந்த வித்தை அவருக்குக் கைவந்தது. மில்லுக்கே வந்து எனக்குக் காட்டினார். இரண்டு சீட்டும் ஒட்டிப் பிறந்த மாதிரி ஒன்றாகப் புரண்டன. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கையோடு கட்டைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு மனசு வரவில்லை.

அதே வாரம் மண்டியில் ராவுத்தர் அவரைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். "நல்லதம்பி, கவுளி தடிமனா இருக்கேன்னு ஓட்டல்காரரு பிரிச்சு எண்ணியிருக்காரு. நூத்தி நாலு இருக்காம். எனக்கு நட்டம் போனாப் போவுது. ஒங்க கைய நம்பாம ஒருத்தர் எண்ணிப் பாத்துட்டாரே, அதுதான் எனக்குத் தாங்கல."

விஷயம் அதுதான். சீட்டை ஒட்டிப் பிடிக்கப் பழகிய விரல் வெற்றிலையையும் ஒட்டியே பிடித்தது. மாமா பயந்துபோய்ச் சீட்டைத் தொடுவதை நிறுத்தினார், கட்டு மட்டும் சட்டைப்பையிலேயே கிடந்தது. பயனில்லை. ஒட்டியது எது, ஒற்றை எது என்று விரல் சொல்வதை நிறுத்திவிட்டது. "இத்தன வருசமா நான் அதுக்கு எதுவுமே சொன்னதில்ல மாப்ள, அதுவாத்தான் பிரிச்சுது. இப்ப அதுகிட்ட என்னன்னு சொல்றது?" என்று கையை என் முன்னால் நீட்டினார்.

ஆவணியில் நிச்சயதார்த்தம். தாம்பூலத்தை வேறு யாராவது வைக்கட்டும் என்று நானும் அக்காவும் கெஞ்சினோம். "எம் மகளுக்கு நான் வைக்காம யாரு வைப்பா" என்றார். ஒவ்வொரு இலையாகத் துண்டால் துடைத்துத் துடைத்து வைத்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

தட்டு மாற்றுவதற்கு முன் சம்பந்தியின் கையில் முதலில் இரண்டு வெற்றிலையைக் கொடுப்பது எங்கள் வழக்கம். மாமா கொடுத்தார். காளியாயி அம்மாள் காம்பு கிள்ளுவதற்காக விரித்தார். மூன்று இலை.

அந்த அம்மாள் பெருந்தன்மைக்காரர். "ஒட்டிக்கிட்டு வந்துருக்கு. ஒண்ண எடுத்துட்டாப் போச்சு" என்று சிரித்தார். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் மாப்பிள்ளையின் சித்தப்பா சும்மா இருக்கவில்லை. "வெத்தில மண்டிக்காரர் வீட்டுலயேவா? வேணுமுன்னே வச்சதோ என்னமோ" என்று முனகினார்.

மாமாவால் அதைத் தாங்க முடியவில்லை. "ஐயோ, எம் மக காரியத்துல வேணுமுன்னு வைப்பேனாங்க? இந்த வெரலு பண்ற வேலைங்க. ரெண்ட ஒண்ணாப் புடிச்சுப் பழகிடுச்சு. இருங்க, காட்டறேன்" என்று சட்டைப்பையில் கையை விட்டார். நான் பாய்ந்து பிடிப்பதற்குள் சீட்டுக்கட்டு வெளியே வந்துவிட்டது.

காளியாயி அம்மாளின் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் பார்த்தேன். மாமா பார்க்கவில்லை. அவர் கண் முழுக்கச் சீட்டில்தான். இரண்டு சீட்டை உயர்த்தினார். கட்டைவிரல் சரக்கென்று பிரித்தது. மறுபடி உயர்த்தினார். மறுபடியும் பிரித்தது. பழைய நாட்களைப்போலவே, சுத்தமாக, ஒன்று வேறு ஒன்று வேறு. "இல்லீங்க, ரெண்டும் ஒண்ணாத்தான் வரும், இதோ பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வேர்வை சீட்டின் மேல் சொட்டியது. யாரும் அவரைத் தடுக்கவில்லை, என்னையும் சேர்த்து.

காளியாயி அம்மாள் வெற்றிலையைப் பாயில் வைத்துவிட்டு எழுந்தார். என்னைப் பார்த்து, "நான் ஒண்ணே ஒண்ணுதானப்பா கேட்டேன்" என்றார். காத்தமுத்து தாயையும் பாப்பாயியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தாயின் பின்னால் போனான்.

அதற்குப் பிறகு ராவுத்தர் எவ்வளவோ சொல்லியும் மாமா வெற்றிலை எண்ண உட்காரவில்லை. அதே மண்டியில் கூடை இறக்கும் வேலைக்குப் போய்விட்டார். மண்ணச்சநல்லூருக்கு நானும் எத்தனையோ முறை தூது போனேன். அந்த அம்மாள் தண்ணீர் கொடுத்து உபசரிப்பார். பேச்சை மட்டும் எடுக்க விடமாட்டார்.

நிச்சயதார்த்தத்தன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு மாமா கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்தார். அக்கா சமையலறையில் அழுதுகொண்டிருந்தாள். பாப்பாயி நிச்சயப் புடவையை மாற்றாமலே வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். சிதறிக் கிடந்த சீட்டையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து அவர் கையில் வைத்தாள்.

"எனக்குக் காட்டுங்கப்பா."

"வேண்டாம் பாப்பாயி."

"காட்டுங்க."

அவர் மேல் சீட்டைப் புரட்டினார். கிளாவர் ஏழு. கவிழ்த்தார். மேல் சீட்டை எடுத்து நடுவில் செருகினார். பாப்பாயி கையை நீட்டி மேல் சீட்டைத் திருப்பினாள். கிளாவர் ஏழு.

"ரெண்டுன்னு தெரியவே இல்லப்பா" என்றாள். "இதத்தான் அவங்களுக்குக் காட்டப் பாத்தீங்களா?"

மாமா தலையை மட்டும் ஆட்டினார். "இன்னொரு தடவ காட்டுங்க" என்றாள். அவர் காட்டினார். கண்ணீர் வழிய அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.