ஞானஜோதியின் நாலு வார்த்தை

ஃபேனின் வயிற்றில் சாக்பீஸால் எழுதும்போது ஞானஜோதி யாரோடும் பேச மாட்டாள். யாராவது விலை கேட்டால் இடது கையை மட்டும் தூக்கிக் காட்டுவாள். கடைசி எழுத்தை முடித்த பிறகுதான், "இன்னாம்மா வோணும்?" என்று நிமிர்வாள்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய ஃபேன் விற்கிறவள். ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டு முன்னறையில் வாரமெல்லாம் கழற்றி மாட்டி, வெள்ளி காலையில் ஆட்டோவில் ஏற்றிவந்து தார்ப்பாயில் பரப்புவாள். ஒவ்வொரு ஃபேனிலும் அவளுடைய நாலு வார்த்தையில் ஒன்று இருக்கும். 'துடைச்சது' என்றால் அழுக்கெடுத்து பெயின்ட் அடித்தது, அவ்வளவே. 'சரி பண்ணது' என்றால் ஓடாமல் கிடந்ததை ஓட வைத்தது. ஓடிக்கொண்டே முனகியதற்கு பேரிங் மாற்றிக் கிரீஸ் வைத்திருந்தால் 'தேத்தினது'. 'புதுப்பிச்சது' என்று எழுத மட்டும் அவளுக்கு லேசில் கை வராது. மோட்டாருக்குள் இருக்கும் காயில் கம்பி முழுவதையும் பிரித்தெறிந்து புதுக் கம்பி சுற்றியிருக்க வேண்டும்.

"ஜொரம் வுட்டவனும் மறுபடி பொறந்தவனும் ஒண்ணாம்மா?" என்று கேட்பாள்.

பக்கத்துத் தார்ப்பாய் சிட்டிபாபுவுக்கு இந்த வம்பே கிடையாது. அவனிடம் எல்லாமே 'நியூ'. "அவன்கிட்ட எல்லாமே நியூதான், போட்டுனுகீற சட்டையத் தவுர" என்பாள். அவனும் சிரிப்பான். மதியம் இருவருக்கும் ஒரே டப்பா எலுமிச்சை சாதம்.

போன மாதம் சந்தையில் திடீரென்று தூறல் போட்டு, சாக்பீஸ் எழுத்தெல்லாம் கரைந்துபோயிற்று. ஞாபகத்தை நம்பி மறுபடி எழுதினாள். அன்றைக்குப் பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து கைக்குழந்தையோடு வந்த ஆஷா என்ற பெண், 'புதுப்பிச்சது' என்றிருந்த பழுப்பு ஃபேனை வாங்கிப்போனாள். "கொசுல ராவெல்லாம் தூங்க மாட்டேன்றான்க்கா" என்று சொல்லி, வீட்டு நம்பர், எட்டாவது மாடி எல்லாம் ஒப்பித்துவிட்டுத்தான் போனாள்.

நேற்று, விற்காமல் நின்ற இன்னொரு பழுப்பு ஃபேனைத் திறந்தாள் ஞானஜோதி. 'துடைச்சது' என்று எழுதியிருந்தது. காயில் மாற்றிவிடலாம் என்று எண்ணம். உள்ளே புதுச் செம்புக் கம்பி தகதகத்தது. அவளே சுற்றியது. அப்படியானால் அந்தக் குழந்தையின் தலைக்கு மேலே சுற்றுவது கருகத் தொடங்கிய பழைய காயில். சித்திரை வெயிலைத் தாங்காது.

சிட்டிபாபுவுக்குப் போன் போட்டுப் புலம்பினாள். "ஓடுதுல்ல? வுடுக்கா. அவங்க வந்து கேக்கவா போறாங்க?" என்றான்.

"நான் எழுதிக் குட்த்தனேடா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

இன்று காலை, கோணியில் சுற்றிய ஃபேனோடு ஆஷாவின் வாசலில் நின்றாள். ஆஷாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நல்லாத்தான ஓடுதுக்கா?"

"ஓடும். வெயில் வந்தா மக்கர் பண்ணும். மழையில அழிஞ்சிட்ச்சின்னு எழுதுனேன், ரெண்டையும் மாத்தி எழுதிட்டேன். தப்பு என்னுது."

ஸ்டூல் போட்டு ஏறிப் பழையதை இறக்கினாள். தொட்டிலில் குழந்தை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கிப்போனான். கோணியைப் பிரித்துப் புதுக் கம்பி சுற்றியதை வெளியே எடுத்தவள், மாட்டாமல், அதிலிருந்த 'துடைச்சது' என்ற சாக்பீஸ் எழுத்தை விரலால் தேய்த்தாள்; ஒரே இழுப்பில் அழிந்துபோயிற்று.

"ஏம்மா, நெயில் பாலிஷ் வச்சினுகீறியா?"

ஆஷா முழித்தபடி ஒரு ரோஸ் நிறக் குப்பியைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஞானஜோதி தரையில் சம்மணமிட்டு ஃபேனை மடியில் கிடத்திக்கொண்டாள். அந்தக் குட்டி பிரஷ்ஷால், நாக்கைத் துருத்தியபடி, 'பு' என்று தொடங்கினாள்.

"எதுக்குக்கா இது?" என்று ஆஷா கேட்டாள்.

இடது கை மேலே எழுந்தது. கடைசி எழுத்து முடிந்ததும் ஞானஜோதி குனிந்து, அது காயும்வரை ஊதிக்கொண்டே இருந்தாள்.