பின்ரயருக்கு உபயகாரர்

"பெயர் எழுத இடமில்லாத விஷயத்துக்கு நாகேந்திரத்தின்ர கை பொக்கற்றுக்குள்ள போகாது. போனதுமில்லை, போகப்போறதுமில்லை. வேணுமெண்டால் இதைக் கல்லில வெட்டி வையுங்கோ!"

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு பங்குனி மாதத்தில், வெள்ளவத்தைக் கோயில் மண்டபம் ஒன்றில் கூடிய நிர்வாகக் கூட்டத்திலே, இளைப்பாறிய தலைமை இலிகிதர் சின்னத்தம்பி நாகேந்திரம் எழுந்து நின்று செய்த பிரகடனம் இது. விஷயம் தண்ணீர்க் குழாய். பழைய குழாய் ஒழுகுகிறது, புதிது போடவேண்டும். ஆனால் குழாய் நிலத்துக்குக் கீழால் அல்லவா போகிறது? பன்னிரண்டு நாள் திருவிழாச் செலவையும் ஏற்க அடிபிடிப்பட்டு நின்ற உபயகாரர்கள் எல்லாரும் அன்றைக்கு மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளதை வாய்விட்டுச் சொன்னவர் நாகேந்திரம் ஒருவர்தான். அவர் வார்த்தையைக் கல்லில் வெட்டச் சபையார் ஆயத்தமாகவே இருந்தார்கள். கல் யாருடைய உபயம் என்பதில் இணக்கம் வராததால் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

நாகேந்திரம் சொன்னதைச் செய்கிறவர். அதற்கு வடக்கு வீதிக் குழல்விளக்கே சாட்சி. 'உபயம்: திரு. திருமதி சி. நாகேந்திரம், இளைப்பாறிய தலைமை இலிகிதர், வெள்ளவத்தை' என்று சிவப்பு மையால் இரண்டு வரியில் எழுதியதில், எழுத்துகளுக்கு இடையால் தப்பி வந்த வெளிச்சம்தான் அடியார்களுக்குக் கிடைத்தது. அதன் கீழே நின்று தேவாரம் படிப்பவர்கள் மனனமாகப் படிக்கவேண்டும். வாசிகசாலைச் சுவர்க் கடிகாரத்திலும் அவர் இருந்தார். மணி பார்க்கப் போனவர்கள் அவரைப் பார்த்துவிட்டு, மணியை மறந்து திரும்பினார்கள்.

இந்த ஆசைக்கு ஒரு வரலாறு உண்டு. கோட்டைப் பகுதியில் இருந்த ஒரு கப்பல் கொம்பனியில் முப்பத்தொரு வருஷம் அவர் கடிதம் எழுதினார். ஒவ்வொரு கடிதமும் முத்து முத்தாக இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் வேறொருவர் கையெழுத்து வைப்பார். முப்பத்தொரு வருஷம் ஒரு மனிதனுடைய எழுத்து ஊருலகமெல்லாம் போய், பெயர் மட்டும் மேசையிலேயே கிடந்தால், இளைப்பாறிய பிறகு அது குழல்விளக்கில் ஏறத்தானே செய்யும்?

சித்திரை வருஷப்பிறப்பு முடிந்த கையோடு, அவருடைய மாடிவீட்டு மணியை ஒஸ்வால்ட் அடித்தார். துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைத் திருத்திய பழைய சிநேகிதர். இப்போது கொட்டாஞ்சேனையில் மோட்டார்சைக்கிள் கராஜ் வைத்திருக்கிறார். கூட வந்தவள் அவருடைய மகள் பிறிஜெற், பத்தொன்பது வயது. இடது முழங்கையில் காய்ந்த காயம், வலது முழங்கையில் காயாத காயம்.

"சார், இவ மோட்டோகிரொஸ் ஓடுறா. போன ரேஸ்ல பையன்களோட ஓடி எட்டாவதா வந்தா," என்றார் ஒஸ்வால்ட். "ஸ்பொன்சர் தேடணும். வசூல் பண்றதுல ஒங்கள மிஞ்ச ஆள் இல்லன்னு துறைமுகத்துக்கே தெரியும்."

"கொம்பனியளிட்டைக் கேட்கேல்லையோ?"

"கேட்டேன் அங்கிள்," என்றாள் பிறிஜெற். "ஒரு எடத்துல, 'ஒங்க அண்ணன் எப்ப வருவாரு'ன்னு கேட்டாங்க. இன்னொரு எடத்துல கலண்டர் குடுத்தாங்க. போன வருசத்துக் கலண்டர்."

"ரேஸ் எண்டால் றோட்டிலையோ பிள்ளை?"

"றோட்டே கெடையாது. சேறு, மேடு, பள்ளம். மேட்டுல ஏறுனா பைக் ஆகாசத்துல போகும்."

"நீ?"

"நானும் அது கூடத்தான் அங்கிள் போவேன்."

தேத்தண்ணியோடு வந்த ஜெகதீஸ்வரி, "ஐயோ, பிள்ளையாரே!" என்று தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். இருபத்தொன்பது வருஷமாக நாகேந்திரத்தின் மனைவியாக இருந்தும் அவரை இவ்வளவு பதறவைத்தது ஒன்றுமில்லை.

காரியம் அவசரமானது. ஒஸ்வால்டின் மனைவி மேபல் தவணை வைத்துவிட்டாராம். வைகாசிக் கடைசி ஞாயிறு குருநாகல் பக்கத்தில் ரேஸ். அதில் பிள்ளை ஓடினால் ஓடட்டும். ஓடாவிட்டால் திங்கட்கிழமை காலை, இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப்போன நீர்கொழும்பு ஆளுக்கு பைக் போய்விடும்.

நாகேந்திரம் மறுப்பதற்குத் தொண்டையைச் செருமினார். செருமிய இடத்தில் ஒரு எண்ணம் தட்டுப்பட்டது.

"குடுக்கிற ஆக்களின்ர பெயரை எங்க போடுவினம்?"

"பைக் முழுக்கப் போடலாம் அங்கிள்."

"எத்தினை சனம் பாக்கும்?"

"பத்தாயிரம் வரும்."

கோயில் தேருக்கே இரண்டாயிரம்தான். நாகேந்திரம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

மறுநாளே பைக்கின் படம் ஒன்றை வரைந்து, திருவிழாவைப் போலப் பன்னிரண்டாகப் பிரித்தார். முன் மட்காட் கொடியேற்றம். பெற்றோல் ராங்க் தேர். சைலன்சர் பூங்காவனம். ஒவ்வொரு உபயகாரரும் தன் பெயர் இருக்கும் சாமானை வாங்கிக் கொடுக்கவேண்டும், அல்லது திருத்திக் கொடுக்கவேண்டும். பன்னிரண்டையும் தூக்கிக்கொண்டு, வெள்ளவத்தைக் கடைகள் நிரம்பிய காலி வீதியில் இறங்கினார்.

புடைவைக்கடை சிவக்கொழுந்து லேசில் மடியவில்லை. "நாகேந்திரம், பெட்டை விழுந்தால் என்ர பெயருமெல்லோ விழும்?"

"அவள் வலப்பக்கம்தான் விழுகிறவளாம். உங்களுக்கு இடப்பக்கம் தாறன். விழேக்கை நீங்கள் மேல இருப்பியள்."

சிவக்கொழுந்து மேலே இருக்கச் சம்மதித்தார். சாப்பாட்டுக்கடை இராஜநாயகம் பெற்றோல் ராங்கை எடுத்தார். அது நாகேந்திரம் தனக்கென்று மனதுக்குள் ஒதுக்கி வைத்திருந்த இடம். ஆனால் இராஜநாயகம் எஞ்சின் திருத்தும் முழுச் செலவையும் ஏற்றபோது விட்டுக்கொடுக்கவேண்டி வந்தது. பெயருக்குக் கீழே 'சுத்த சைவம்' என்று எழுதவேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. லொட்ஜ் நடத்தும் பத்மாவதி, ஹெல்மெற்றும் சப்பாத்தும் தருவதாகச் சொல்லி, 'அறைகள் உண்டு' என்று போடச் சொன்னார். அங்கே கனடா விசாவுக்காகக் காத்திருந்த இரண்டு பொடியன்கள் 'ஸ்பொன்சர்' என்ற சொல்லைக் கேட்டுப் பாஸ்போட்டோடு பின்னால் வந்து, விஷயம் தெரிந்ததும் திரும்பிப் போனார்கள்.

மூன்று கிழமையில் பன்னிரண்டும் முடிந்தன. பெயர்ப்பலகை எழுதும் அலவி நானா கராஜில் குந்தியிருந்து அத்தனை பெயரையும் எழுதி முடித்தபோது, ஓர் இலையான் பறந்து வந்து இருப்பதற்கும் பைக்கில் இடம் மிஞ்சவில்லை. நாகேந்திரம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். தன்னுடைய பெயருக்கு ஓரம் ஒன்று கிடைக்குமா என்பது அவருடைய கவலை. ஒஸ்வால்டின் கவலை வேறு.

"எல்லாம் சரி சார். பின்ரயர்?"

பின்சில்லின் ரயர் தேய்ந்து வழவழவென்று, முழுகித் துடைத்த மொட்டைத் தலைபோல இருந்தது. பைக்கில் அதிகம் விலை பிடிக்கும் சாமான்களில் அதுவும் ஒன்று. பன்னிரண்டு பங்கில் அதை நாகேந்திரம் சேர்க்கவேயில்லை. பெயர் எழுத முடியாத சாமான் அவர் கண்ணில் எப்படிப் படும்?

சேர்ந்ததில் கொஞ்சம் எடுத்து ரயர் வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு உபயம் என்றால் என்னவென்று தெரியாது. மட்காட் உபயத்தை ரயருக்குத் திருப்புவது, தேர்த்திருவிழா உபயத்தில் கொடியேற்றத்தை நடத்துவதற்குச் சமம். அப்படிச் செய்தவரோடு வெள்ளவத்தை கதைக்காது. ஆகவே நாகேந்திரம் பதின்மூன்றாவது உபயகாரரைத் தேடி மறுபடியும் படியேறினார். ஒரு கிழமை ஏறினார்.

இராஜநாயகம் எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொன்னார். "ரயரில பெயரை எழுதினால் மண்ணுக்குள்ளயெல்லோ போகும்? நீர் என்னட்டை உபயம் கேக்கிறீரோ, அடக்கம் செய்யக் கேக்கிறீரோ?"

மண்டபத்தில் தான் பேசிய அதே நியாயம்! நாகேந்திரம் படியிறங்கினார்.

ரேஸுக்கு முந்திய வியாழக்கிழமை பின்னேரம், ஒஸ்வால்டிடம் விஷயத்தைச் சொல்வதற்காகக் கொட்டாஞ்சேனைக்குப் போனார். கராஜுக்குப் பின்னாலிருந்த வெறும் வளவில் பிறிஜெற் ஓடிக்கொண்டிருந்தாள். மண்மேட்டில் பைக் ஏறியது, ஏறவே மாட்டேன் என்று பின்சில்லு சுழன்றது, வழுக்கிச் சாய்ந்தது. அவள் பைக்குக்கு அடியிலிருந்து கையைக் காட்டினாள்.

"அங்கிள், வந்து பாருங்க! சிவக்கொழுந்து ஐயா மேலதான் இருக்காரு!"

எழும்பி மண்ணைத் தட்டியபடி வந்தாள். சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டது.

"ரயர் கெடைக்கலியா?"

"இன்னும் இல்லைப் பிள்ளை."

"இந்த ரயரோட லைன்ல விட மாட்டாங்க. செக் பண்ணுவாங்க. பரவால்ல அங்கிள். ஒங்களால பைக் புதுசு மாதிரி ஆயிருச்சு. நீர்கொழும்புக்காரன் வெலை கூடக் குடுப்பான்."

அவள் ஆறுதல் சொன்னது தனக்கு என்பது நாகேந்திரத்துக்கு பஸ் ஏறிய பிறகுதான் விளங்கியது.

வெள்ளிக்கிழமை காலை, பிறஷர் பார்க்க டொக்டரிடம் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு அவர் புறப்பட்டார். டொக்டர் இருப்பது பம்பலப்பிட்டியில். மோட்டார் உதிரிப்பாகங்கள் விற்கிற பஞ்சிகாவத்தையில் அவர் ஏன் பஸ்ஸால் இறங்கினார் என்பதற்குத் தக்க ஆதாரங்கள் கிடைக்கவில்லை. மத்தியானம் திரும்பி வந்தபோது வெள்ளைச் சேட்டின் வயிற்றில் அரைவட்டமாகக் கறுப்பு படிந்திருந்தது.

"டொக்டர் என்ன சொன்னவர்?" என்றார் ஜெகதீஸ்வரி.

"பிறஷர் சரியாம்."

"சேட்டில என்ன?"

"பஸ்ஸில சரியான சனம்."

ஜெகதீஸ்வரி சேட்டை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு ஊறப்போட்டார். ஆடித் திருவிழாவுக்கு மடப்பள்ளிக்குக் கொடுப்பதாகவும், கழுத்தைச் சுற்றிப் பெயர் வெட்டுவதாகவும் நாகேந்திரம் தை மாதம் தொடக்கம் சொல்லிவந்த எவர்சில்வர் அண்டா, அன்றைக்குப் பிறகு அந்த வீட்டுப் பேச்சில் வரவில்லை.

பின்னேரம் ஒஸ்வால்டின் தொலைபேசி வந்தது.

"சார், த்ரீவீல்ல ரயர் ஒண்ணு வந்து எறங்கியிருக்கு. புது ரயர்! யார் அனுப்புனாங்கன்னு த்ரீவீல்காரனுக்குத் தெரியல. பில்லுல பேரும் இல்ல."

"பெயரைப் பூட்டி ஓடப்போறியளோ, ரயரைப் பூட்டி ஓடப்போறியளோ?" என்று நாகேந்திரம் சினந்துவிட்டு வைத்தார்.

ஞாயிறு அதிகாலை வான் புறப்பட்டது. பின்னால் பைக், முன்னால் ஒஸ்வால்டும் நாகேந்திரமும், நடுவில் பிறிஜெற்றும், செபமாலையோடு மேபலும். குருநாகலில் முதல்நாள் இரவு பெய்த மழையில் ஓடுபாதை கஞ்சியாகிக் கிடந்தது. பரிசோதகர் பைக்கைச் சுற்றி வந்து, தமிழ் எழுத்தையெல்லாம் வாய் பார்த்துவிட்டு, பின்ரயரில் கையை வைத்து அழுத்தித் தலையாட்டினார்.

இருபத்திரண்டு பேர் ஓடினார்கள். இரண்டு நிமிஷத்துக்குள் பன்னிரண்டு உபயகாரரும் சேற்றுக்கடியில் மறைந்தார்கள். சுத்த சைவமும் போயிற்று, அறைகளும் போயின. பத்தாயிரம் சனமும் கண்டது, ஒரு மண்ணுருண்டை இன்னும் இருபத்தொரு மண்ணுருண்டைகளோடு ஓடுவதைத்தான். ஆனால் முதல் மேட்டில் மற்றச் சில்லுகள் சுழன்று திணற, ஒரு பின்ரயர் மாத்திரம் மண்ணைக் கவ்விப் பிடித்து ஏறியது. நாகேந்திரம் தன்னையறியாமல், உட்கார்ந்திருந்த வாங்கில் ஏறி நின்று, "பிடி, பிடி, விடாதை!" என்று கத்தினார். பிள்ளைக்குச் சொன்னாரா, ரயருக்குச் சொன்னாரா என்று மேபலுக்கு விளங்கவில்லை.

பிறிஜெற் ஐந்தாவதாக வந்தாள். முதல் ஆறு பேருக்கு அடுத்த ரேஸில் இடம் உண்டு என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பல்லைத் தவிர மற்றதெல்லாம் மண்ணாக வந்து நின்ற மகளை மேபல் மேலும் கீழும் பார்த்தார்.

"நீர்கொழும்புக்காரனுக்கு நானே போன் பண்றேன்," என்றார். "விக்கிறதில்லன்னு."

திரும்பி வரும்போது, பொழுது பட்ட பிறகு, களனிப் பாலத்தடியில் இருந்த யுத்தகாலச் சோதனைச் சாவடியில் வானை மறித்தார்கள். எல்லாரும் அடையாள அட்டையோடு இறங்கினார்கள். பைக்கையும் இறக்கினார்கள். நம்பர் பிளேற் இல்லாத மோட்டார்சைக்கிள், சேறு உதிர்ந்த இடங்களில் தமிழ்ப் பெயர்கள். பொலிஸ் சார்ஜன் டோர்ச்சை அடித்து, விரலால் சேற்றைச் சுரண்டினார். இன்னொரு பெயர் வந்தது. இன்னும் சுரண்டினார். இன்னொன்று. அவருடைய முகம் இறுகியது. யார் இந்த ஆட்கள் என்று சிங்களத்தில் கேட்டார்.

ஒஸ்வால்ட் நாகேந்திரத்தைத் திரும்பிப் பார்த்தார். நாகேந்திரம் முன்னுக்கு வந்தார். முப்பத்தொரு வருஷத்துக் கப்பல் கொம்பனிச் சிங்களத்தில், வெசாக் காலத்தில் வீதியோரம் சோறு கொடுக்கும் தன்சலை எடுத்து விளக்கினார். அதற்கு அரிசி கொடுத்தவர், பருப்புக் கொடுத்தவர் என்று பலகையில் பெயர் எழுதுவார்களே, அதுபோல இந்தப் பிள்ளை ஓடுவதற்குக் கொடுத்த ஆட்கள் இவர்கள், மாத்தயா.

சார்ஜன் பைக்கைப் பார்த்தார், பிறிஜெற்றைப் பார்த்தார். இறுகின முகம் மெல்ல இளகியது.

"எங்கள் ஊர் விகாரையிலும் இப்படித்தான்," என்றார். "ஒரு குழல்விளக்கு முழுக்க என் அப்பாவின் பெயர். வெளிச்சம் வராது." டோர்ச்சை அணைக்கப் போனவர், நாகேந்திரத்தின் பக்கம் திரும்பினார். "இதில் உங்களுடைய பெயர் எது?"

பிறிஜெற் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தாள். அவளுடைய கை பின்ரயரின் மேல் இருந்தது. அவள் நாகேந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னுடைய பெயர் இதில் இல்லை, மாத்தயா," என்றார் நாகேந்திரம். அடையாள அட்டையைத் திருப்பி வாங்கி, சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு வானில் ஏறினார்.