புங்க எண்ணெய் தடவிய டயர்

அலுவலக வண்டிகளுக்கான பன்னிரண்டாம் விதி இப்படிச் சொல்லும்: டயர் தேய்ந்தால் தலைமை அலுவலகத்துக்கு எழுத வேண்டும், ஏழு நாளுக்குள் பதில் வரும், அதுவரை சக்கரத்தில் எவரும் கை வைக்கக் கூடாது. எனக்கு இது மனப்பாடம். மூன்று நகல்களையும் எழுதியவன் நான். ‘எவரும்’ என்பதற்கு அடியில் கோடு போட்டதும் நான்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். ஆம்பூரில் ஒரு பிரசவ நிலையத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். நிலையத்துக்குச் சொந்தமாகப் பக்கத்தில் தொட்டி வைத்த மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. கம்பவுண்டர் ஓட்டுவார். நர்சம்மா தொட்டியில் உட்கார்ந்து கிராமங்களுக்குப் போவார். பின் டயரில் நூல் தெரிய ஆரம்பித்தது. புது டயர் ஏற்கெனவே என் அலமாரியில் இருந்தது, மாட்டத்தான் ஆளில்லை. வேலூர் லாங் பஜாரில் டயர் மாட்டுகிற பாய் ஒருவர் இருந்தார். அவருக்குக் கூலி கொடுக்கலாமா என்று கேட்டு செப்டம்பர் தொடக்கத்தில் எழுதினேன். ஏழு நாள் போயிற்று. நினைவூட்டல் எழுதினேன். அதற்கும் ஒரு ஏழு நாள் கொடுத்தேன்; விதியில் இல்லாத தாராளம் அது.

அந்தச் சமயத்தில்தான் மாதனூர்ப் பெண்ணின் விஷயம் நெருக்கியது. எங்கள் எதிரில் இருந்த, தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்தவரின் மனைவி அவள். முதல் இரண்டு குழந்தைகளும் பிறக்கும்போதே இறந்துவிட்டன. இப்போது எட்டு மாதம் முடிந்திருந்தது. வலி எடுக்கும் முன்பே வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும் என்பது நர்சம்மாவின் தீர்மானம். உள்ளே தள்ளியிருந்த அவள் வீட்டிலிருந்து பஸ் ரோட்டுக்கே மூன்று மைல். மாட்டு வண்டியை நம்பினால் வழியிலேயே ஆகிவிடும் என்றார்.

“சார், உங்க பதில் வர்ற வரைக்கும் அந்தப் பொண்ணு வயித்தப் புடிச்சிட்டு உக்காந்திருக்கணுமா?”

“நானும் அதுக்குத்தாம்மா காத்துட்டு இருக்கேன்.”

“அப்ப வயித்துல இருக்கிற கொழந்தைக்கும் ஒரு நினைவூட்டல் போட்டுடுங்க.”

மறுநாள் காலை அலமாரியைத் திறந்தேன். கம்பவுண்டர் லீவரைப் பிடிக்க, வண்டியோடு வந்த புத்தகத்தை நான் படித்துச் சொன்னேன். பழையது கழன்றது. புதியது ஏறுவேனா என்றது. ஒரு பக்கம் உள்ளே போனால் மறுபக்கம் வெளியே வந்தது. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் அந்தப் பெண்ணின் புருஷன் எட்டிப் பார்த்தார்.

“இன்னாங்கய்யா, இந்த மொறை மொறைக்குது? கொஞ்சம் எண்ணெ காட்டுங்க. எருமைத் தோலே வழிக்கு வருது, இது இன்னா?”

ஓடிப்போய் ஒரு தகரக் குவளையில் புங்க எண்ணெய் கொண்டு வந்தார். தோலுக்குத் தடவுகிற அதே எண்ணெய். எங்கள் ஊரில் விறைத்துக்கொண்ட எதற்கும் மருந்து அதுதான். தடவக் கூடாது என்று புத்தகத்தில் இல்லை. தடை இல்லாதது அனுமதி என்பது முப்பது வருஷம் என் சோற்றுக்கு வழிசெய்த நியாயம். “தடவுங்க” என்றேன். டயர் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. மூன்று பேரும் சற்று நேரம் நின்று அதன் அழகைப் பார்த்தோம்.

அடுத்த நாள் அந்தப் பெண்ணைப் பார்த்து வர வண்டி புறப்பட்டது. மாதனூருக்கு இரண்டு மைல் இருக்கும்போது, எண்ணெய்ப் பசையில் டயர் ரிம்மின் மேலேயே சுற்றி, உள்ளிருந்த ட்யூபையும் இழுத்து, வால்வை வேரோடு பிய்த்துவிட்டது. கம்பவுண்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பினார். நர்சம்மா நடந்தே போய்ப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வந்தார். “கொழந்தை தலை இன்னும் மேலேயே இருக்கு சார், கீழ திரும்பல. ஒரு வாரம் தாங்கினா பெரிசு” என்றார். கிண்டல் எதுவும் சேர்க்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்தப் பெண்ணின் புருஷன் என் ஜன்னலுக்கு வெளியே நின்றார். “நான் குடுத்த எண்ணெதானேய்யா...”

“தடவச் சொன்னது நான். நீ போய் வேலையப் பாரு.”

விடிந்ததும் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வேலூர் பஸ் ஏறினேன். லாங் பஜார் பாய் அதை மோந்து பார்த்தார்.

“இன்னா சார், டயரப் பதம் போட்டுட்டீங்களா? நாலு ஜோடி செருப்புக்கு வரும் போல இருக்கே!”

கைவண்டிக்காரர்கள்கூட நின்று சிரித்தார்கள். “ரப்பருக்குச் சோப்புத் தண்ணி போடணும் சார். ஏத்தறப்ப வழுக்கும், காஞ்சாப் புடிச்சிக்கும். எண்ணெ எங்க காயும்? ஆமா, வண்டியில யார் போறாங்க?”

சொன்னேன். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. டயரைக் கழற்றிச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினார். புது ட்யூப் வைத்து, நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் மாட்டிவிட்டார். வேலை முடிந்தது என்று எழுந்தேன். அவர் அச்சை இரண்டு கட்டைகளின் மேல் வைத்துச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டார். ஒவ்வொரு முறையும் ஒரே இடம் கீழே வந்து நின்றது.

“இந்தப் பக்கம் கனம் ஜாஸ்தி. வேகமாப் போனாத் துள்ளும். அந்தம்மாவுக்குத் துள்ளலாமா?”

எதிர்ப்பக்கத்து ஆரக்கால்களில் ஈயக் கம்பியைச் சுற்றினார். சுழற்றினார். கொஞ்சம் வெட்டினார். மறுபடி சுழற்றினார். சக்கரம் நினைத்த இடத்திலெல்லாம் நிற்கத் தொடங்கிய பிறகே என்னிடம் கொடுத்தார். எங்கள் புத்தகத்தில் இந்த வேலைக்கு ஒரு வரிகூடக் கிடையாது. கூலியை என் கையிலிருந்து கொடுத்தேன்.

நான்காம் நாள் காலை அந்தப் பெண்ணைத் தொட்டியில் உட்கார வைத்து, புருஷனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கம்பவுண்டர் வேலூருக்குப் போனார். அன்று நான் திறந்து வைத்த ரெஜிஸ்டரில் ஒரு வரியும் எழுதவில்லை. அவர் திரும்பியது மறுநாள் மத்தியானம்.

“பொண்ணு சார். ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க.”

“சக்கரம் எப்படிப் போச்சு?”

கொஞ்சம் யோசித்தார். “சக்கரமா? அது ஞாபகமே வரல சார்.”

அதைவிடப் பெரிய நற்சான்றிதழ் எந்தக் கோப்பிலும் நான் பார்த்ததில்லை.

தலைமை அலுவலகத்தின் பதில் வந்த அன்று, குழந்தைக்கு அம்மை குத்த அந்த மாதனூர்ப் பெண் வந்திருந்தாள். குழந்தை என் மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. நர்சம்மா கேட்கும்படி உரக்கப் படித்தேன்: வெளியாளுக்குக் கூலி கொடுப்பது அவசியமற்றது, டயரை ஊழியர்களே மாட்டிக்கொள்ளலாம், அதற்கு எண்ணெய் தேவைப்பட்டால் தனியே விண்ணப்பிக்கவும்.

நர்சம்மா சிரித்த சிரிப்பில் குழந்தை பயந்து உட்கார்ந்துவிட்டது. அதைத் தூக்கி மேஜையில் வைத்துக்கொண்டு, கடிதத்தின் மூலையில் பெற்ற தேதியைப் போட்டேன்: ஆகஸ்டு பதினொன்று.