அழகமுத்துவின் பேரில் ஒரு கார்

தகரத்தில் இரும்பு விழுகிறது. ஒரே அடி.

"தம்புள்ளை... இழுத்துக்க," என்கிறார் அழகமுத்து.

மாத்தளை பஸ் நிலையத்தில் தனியார் பஸ்களுக்கு நேரம் பார்ப்பது அவர் வேலை. மேசையோரத்தில் ஆணியடித்த தகரத்தை அவர் தட்டாமல் ஒரு பஸ்ஸும் நகரக் கூடாது. தட்டிய பிறகு ஒரு பஸ்ஸும் நிற்கக் கூடாது. "ஒரு அம்மா ஓடி வர்றாங்க அண்ணே," என்று கண்டக்டர் கெஞ்சினால், "ஓடுறதுக்குக் கால் இருக்குல்ல, அடுத்ததுக்கு ஓடி வரட்டும். நீ இழு," என்பார். ஈவிரக்கமில்லாத மனிதர் என்று ஊரில் பெயர். அவர் அதை மறுத்ததில்லை.

அந்தக் கண்டிப்பு முதலில் கடிப்பது அவரைத்தான். வலது கால் தொடையோடு போய்விட்டது. இடது கால் இருக்கிறது, கணுக்கால் மடங்காது. இரண்டு கட்டைகளை அக்குளில் கொடுத்து அவர் படியேறி முடிப்பதற்குள் எந்த பஸ்ஸுக்கும் நேரம் தப்பிவிடும். ஆகவே வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகிற உக்குவளை பஸ் வெறுமையாக வந்து நிற்கும்போதே ஏறி, அது புறப்படும்வரை வெயிலில் வெந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். தனக்காக ஒரு பஸ் காத்து நின்றது என்று எவனும் சொல்லிவிடக் கூடாது.

கால் போன கதையைக் கேட்டால் நீட்டி முழக்க மாட்டார். "மிதிபலகையில தொங்குனேன். நாலந்தை வளைவுல லொறி வந்திச்சு. லொறி போச்சு, காலும் அதோட போச்சு." அப்போது அவர் கண்டக்டர். ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து, பால் வெட்டப் போகாமல் தப்பித்த பிள்ளை என்று வீட்டில் கொண்டாடியிருந்தார்கள்.

அவருக்குக் கார் ஆசையை ஊட்டியவள் சமூக சேவை அலுவலகத்து அருந்ததி. "அண்ணன், உங்களை மாதிரி ஆக்கள் வாகனம் எடுக்கிறதுக்கு அரசாங்கம் வரியிலை சலுகை குடுக்குது. காலே தேவையில்லை, கையாலை ஓட்டுற மாதிரி செய்தெடுக்கலாம்," என்றாள். நல்ல பிள்ளை. மனசறிந்து பொய் சொல்லவில்லை. சட்டத்தில் இருந்ததைச் சொன்னாள்.

சட்டத்தில் இருந்தது கைக்கு வருவதற்குள் அழகமுத்து பட்ட பாடு கொஞ்சமல்ல. கொழும்பில் வைத்தியர் குழு பார்க்க வேண்டும் என்றார்கள். போய்க் காட்டினார். சில மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். "போன தடவ இல்லாத காலு இந்தத் தடவ மொளச்சிருச்சானு பாக்குறாங்க. மொளச்சா நானே வந்து சொல்ல மாட்டேனா," என்று பஸ் நிலையத்தைச் சிரிக்க வைப்பார். போகும் வழியிலெல்லாம் சோதனைச் சாவடி. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைக் கண்டதும் இறக்கி, கட்டைகளைப் பிடுங்கி, அடியிலிருக்கும் ரப்பரைக் கழற்றி உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதுவரை மனைவி சுந்தரம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நிற்பார். அந்தக் கதையைச் சொல்லி யாரையும் அவர் சிரிக்க வைத்ததில்லை.

ஒருவழியாக அனுமதி கிடைத்தது. அதன் பிறகுதான் உண்மை உறைத்தது. "வரிய தள்ளிட்டாங்க, சரி. வண்டி வெலைய யாரு தள்ளுவா?" கடன் கேட்டுப் போன இடங்களில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள், தேத்தண்ணி கொடுத்தார்கள், கடன் மட்டும் கொடுக்கவில்லை. நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவனுக்கு யார் கொடுப்பார்கள்? அனுமதிக்கோ தவணை இருந்தது. அதற்குள் வாகனம் எடுக்காவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. சோறு போடுகிறேன் என்று கூப்பிட்டு இலையை மட்டும் விரித்துவிட்டுப் போகிற விருந்து அது.

மோப்பம் பிடித்து வந்தவர் ரோட்டு வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுக்கிற கொந்தராத்துக்காரர் இராஜசிங்கம். படித்தவர், கோயில் திருவிழாவில் முன்வரிசையில் நிற்பவர். "வீணாய்ப் போறதிலும் பாக்க நான் காசு போட்டு எடுக்கிறன். கார் உம்மடை பேரிலைதானே நிக்கப் போகுது, அழகமுத்து? கிழமை நாளிலை நான் ஓடுறன். ஞாயிற்றுக்கிழமை உம்மடை வாசலுக்கு அனுப்பிவிடுறன், நீர் ஓடும்." அழகமுத்துவின் கைக்கு ஒரு தொகையும் தந்தார். அது வீட்டுக் கூரைக்குப் போயிற்று. ஆனால் அழகமுத்துவை விழுத்தியது காசல்ல, அந்த ஞாயிற்றுக்கிழமைதான். வாழ்நாளில் ஒரு நாளாவது, யாரும் தூக்கி ஏற்றாமல், யாரிடமும் இடம் கேட்காமல், தன் கையால் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்காகத்தான் தலையாட்டினார்.

சலுகையை இன்னொருவருக்குக் கொடுத்ததால் சட்டப்படி பார்த்தால் அவரும் குற்றவாளிதான். பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

நுஹ்மானின் கராஜில், ஸ்டியரிங்குக்குக் கீழே ஓர் இரும்புக் கைப்பிடி பூட்டப்பட்டது. தன் பக்கம் இழுத்தால் கார் ஓடும். முன்னே தள்ளினால் நிற்கும். கராஜ் வளவுக்குள்ளேயே அழகமுத்து பழகினார். பரீட்சை நாளன்று அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, சோதிக்கும் மைதானத்தைச் சுற்றி வந்து, சொன்ன கோட்டில் நிறுத்தினார். "ஹொந்தய்," என்றார் அதிகாரி. "நல்லாருக்குனு சொன்னாரு, சுந்தரம்," என்று மனைவியிடம் சொன்னார். "எங்கப்பா கூட என்னைய அப்பிடிச் சொன்னதில்ல."

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சுந்தரம்மாவையும் சேலை கட்டவைத்து, ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தார். நாலந்தையில் இருக்கும் அவள் தங்கச்சி வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. கால் போன அந்த வளைவைத் தானே ஓட்டிக் கடக்க வேண்டும் என்று அவருக்குள்ளே ஒரு கணக்கு. வெயில் ஏறியது. அயல்வீட்டார் இரண்டு தரம் விசாரித்துவிட்டுப் போனார்கள். "சட்டைய கழட்டுங்க, வேர்த்து அழுக்காவுது," என்றாள் சுந்தரம்மா பின்னேரம்.

மறுநாள் இராஜசிங்கத்தின் டிரைவர் பஸ் நிலையத்துக்கு வந்து, பேப்பரில் சுற்றிய ஒன்றை மேசையில் வைத்தான். அந்த இரும்புக் கைப்பிடி. "முழங்கால்ல இடிக்குதாம். கழட்டிட்டாங்க. ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க."

அதைக் கொண்டுதான் இன்றைக்கும் தகரத்தைத் தட்டுகிறார். முன்பு தட்டிய அலவாங்கின் இரும்புத் துண்டை எறிந்துவிட்டார். "ஆனைய வித்துட்டு அங்குசத்த வச்சிருக்காரு," என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள். "அங்குசமாவது எனக்கிருக்கு. ஒனக்கு என்னடா இருக்கு, முதலாளியோட பஸ்ஸு," என்று திருப்பிக் கொடுப்பார்.

போன வருடம், இரண்டாயிரத்து ஏழில், அந்தக் காரால் அவருக்கு ஒரே ஒரு பலன் கிடைத்தது. இராஜசிங்கம் கொழும்பில் உறவுக்காரர் வீட்டுத் தெருவில் காரை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டார். குண்டுப் பயம் ஊரைப் பிடித்திருந்த காலம். கேட்பாரற்று நின்ற காரின் இலக்கத்தைப் பொலிஸார் பார்த்தார்கள். சொந்தக்காரர் மாத்தளை, இராமசாமி மகன் அழகமுத்து. அன்று மத்தியானம் ஜீப் பஸ் நிலையத்துக்கே வந்தது.

பொலிஸில் கேட்ட கேள்வி ஒன்றுதான். "வாகனம் உன்னுடையதா?" இல்லை என்றால் சலுகையை விற்ற குற்றம். ஆம் என்றால், கொழும்புத் தெருவில் அதை ஏன் விட்டாய் என்ற கேள்வி. அந்த நாட்களில் அந்தக் கேள்விக்குள்ளே போன தமிழன் எப்போது வெளியே வருவான் என்று எவருக்கும் தெரியாது. செய்தி கேட்டு ஓடி வந்திருந்த சுந்தரம்மா, மறுக்கும்படி கண்ணால் கெஞ்சினாள்.

"என்னோடதுதான் சேர்," என்றார் அழகமுத்து.

பிறகொரு நாள் சுந்தரம்மா ஏசியபோது சொன்னார்: "வாயால சொல்றதுக்காவது ஒரு எடம் கெடச்சிச்சே புள்ள."

மூன்று நாள் பொலிஸ் நிலையத்து வாங்குப் பலகையில் உட்காரவைத்திருந்தார்கள். சாய ஒரு சுவர்கூட இல்லை. மூன்றாம் நாள் இராஜசிங்கம் கொழும்பில் காரை மீட்டுக்கொண்டு அதிலேயே வந்து இறங்கினார். பொலிஸ் பெரிய ஐயாவோடு சிங்களத்தில் சிரித்துப் பேசினார். "பாவப்பட்ட மனிசன். கார் பழுதாய்ப் போயிடும் எண்டு நான்தான் இடைக்கிடை ஓடிக் குடுக்கிறன்," என்று வெளியே நின்றவர்களுக்குத் தமிழிலும் சொன்னார். விட்டுவிட்டார்கள். அழகமுத்து கட்டைகளை ஊன்றி வாசலுக்கு வந்தபோது இராஜசிங்கம் காரில் ஏறியிருந்தார்.

"எனக்குத் தம்புள்ளையிலை அவசர அலுவல். நீர் பஸ்ஸிலை போமன்," என்றார்.

அது தப்பாகச் சொன்னதல்ல. ஏழைக்குச் சொல்கிற சாதாரணப் பேச்சு.

இப்போது பஸ் நிலையத்துக்கு முன்னால் அந்த வெள்ளைக் கார் தினமும் போகிறது. ஹோர்ன் சத்தத்திலேயே அழகமுத்துவுக்குத் தெரியும். இன்றைக்கும் கேட்கிறது. தம்புள்ளை பஸ் என்ஜினை முடுக்கிக்கொண்டு அவர் தட்டுக்காக நிற்கிறது, நேரம் ஆகிவிட்டது. அவர் தட்டவில்லை. இரும்புக் கைப்பிடியை மேசையில் படுக்க வைத்து, இறுக்கிப் பிடித்து, காரை நிறுத்தக் கராஜில் பழகியபடியே மெல்ல முன்னே தள்ளுகிறார். மேசை விளிம்புவரை தள்ளிப் பிடித்துக்கொள்கிறார். கார் நிற்காமல் திருப்பத்தில் மறைகிறது.

"அண்ணே, டைம் போச்சு," என்கிறான் கண்டக்டர்.

அழகமுத்து கையை எடுக்கவில்லை.