தள்ளு என்றுதானே எழுதியிருந்தது

எங்கள் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் விஷயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பொய். கம்ப்யூட்டரை நான் தொட்டதே ஒரு தடவைதான், அதுவும் ஆபீஸ் மேசையைத் துடைக்கும்போது. துடைத்த துடைப்பில் ஏதோ அமுங்கி, எங்கள் மேனேஜர் துரை அடித்துக்கொண்டிருந்த கடிதம் முழுக்க ஒரே எழுத்தாக ஓடியது. அதற்குப் பிறகு ஆபீசில் என் கையில் யாரும் துணி கொடுப்பதில்லை.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த சகவாசம் முடிந்தது. யார் யாரை விட்டார்கள் என்பதில் எனக்கும் வாத்தியாருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. அன்றிலிருந்து தேயிலைதான். இப்போது கையால் கிள்ளுவது குறைந்துவிட்டது. ஆளுக்கொரு பக்கமாக இரண்டு பேர் மெஷினைப் பிடித்துக்கொண்டு, செடியின் தலைக்கு முடி வெட்டுவதுபோல வெட்டிக்கொண்டே போகிறோம். ஒரு பக்கம் நான். மறு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தவர் என் தங்கச்சியின் புருஷன். நான் அவரை மாப்ள என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். வெட்டும் நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் இருந்ததாக யாராவது சொன்னால் அது அவதூறு.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செடிக்கு நடுவே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

மாப்பிள்ளைக்குப் படம் எடுத்தால் ஆகாது. கல்யாணப் படத்தில்கூடக் குனிந்து வேட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் நடந்து, பேசி, சிரிக்கிற வீடியோ இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என் போனில் இருந்தது. என் போனோ சாகக் கிடந்தது.

கொழுந்து மூட்டைகளோடு லாரியில் வரும்போது சட்டைப் பையிலிருந்து விழுந்த போன் அது. அதன்மேல் ஒரு மூட்டை விழுந்தது. மூட்டைமேல் நான் விழுந்தேன். எடுத்துப் பார்த்தால் திரையில் மேல்பாதி கறுத்துப்போய், கீழ்ப்பாதியில் மட்டும் வெளிச்சம். வீடியோ இருக்கும் இடத்துக்குப் போகவும் வழியில்லை, யாருக்கும் அனுப்பவும் வழியில்லை.

ரிங்லெட் டவுனில் போன் கடை வைத்திருக்கும் சீனரிடம் காட்டினேன். முழுசாகப் போவதற்குள் உள்ளே இருப்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடு, இல்லாவிட்டால் எல்லாம் போச்சு என்றார். போனை ஒரு நாள் கடையில் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். பல்லைப் பிடுங்க வந்தவனிடம் தலையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்ன மாதிரி இருந்தது. எதற்கு ஒரு நாள்? உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கவா? போனைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

என் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. அந்தப் போனில் இன்னொரு வீடியோவும் இருந்தது. தீபாவளிக்கு, எங்கள் வரிசை வீடுகள் இருக்கும் லயத்து வாசலில், குடையை ஊன்றி, இடுப்பில் கை வைத்து, நான் துரை மாதிரி நடந்து காட்டியது. அவர் தேயிலை இலையைக் கிள்ளி மோந்து பார்த்து முகம் சுளிப்பது வரைக்கும் செய்திருந்தேன். லயமே விழுந்து விழுந்து சிரித்தது. துரை சிரிப்பார் என்று தோன்றவில்லை.

பக்கத்தில் கம்ப்யூட்டர் இருக்கும் ஒரே இடம் எஸ்டேட் ஆபீஸ். அதில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற கிராணி என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன்தான். அவன் மேலே போனான், நான் மலைக்குப் போனேன். நல்லவன்தான். ஆனால் மத்தியானச் சோறு துரையோடு சாப்பிடுகிறவன். அவன் காதுக்குள் போவது எந்த வாய் வழியாக வெளியே வரும் என்று யாருக்குத் தெரியும்?

தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போனேன். கியா பார்ம் ரோட்டோரக் கடையில் ஸ்ட்ராபெரிக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த கேபிள் ஒன்றையும் வாங்கிப் போயிருந்தேன். கிராணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"டேய், இது சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிளா இருக்கப்போவுது. கரண்ட் போவும், படம் போவாது."

"ரெண்டும் ஒரே ஓட்டை வழியாதானே போவுது? படத்த மட்டும் யாரு நிறுத்துறது?"

அவன் மேசை இழுப்பறையிலிருந்து தன்னுடைய கேபிளை எடுத்தான். அவ்வளவு சீக்கிரம் எடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஏற்கனவே தயாராக வைத்திருந்த மாதிரி இருந்தது.

"கிராணி, ஒண்ணு கேக்குறேன். எங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு வீடியோ. எதை எடுக்கணும், எதை விடணும்னு இந்தக் கேபிளுக்கு எப்படித் தெரியும்?"

"கேபிளுக்கு ஒண்ணும் தெரியாதுடா. சொருகுனா கம்ப்யூட்டர்ல எல்லாம் தெரியும்."

"எல்லாம் தெரியுமா?"

"எல்லாம் தெரியும். நாமதான் பாத்து எடுத்துக்கணும்."

எனக்கு உள்ளே குளிர் எடுத்தது. கேமரன் மலையில் குளிர் புதிதில்லை, ஆனால் அது வெளியிலிருந்து வரும். "போன நீ தொடக் கூடாது. நான்தான் புடிச்சுக்குவேன், நான்தான் அமுக்குவேன்," என்றேன்.

"உள்ள என்னடா வெச்சிருக்க? கஞ்சாத் தோட்டமா?"

"சாமி படம்."

தங்கச்சி சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விரலில் சுற்றிக்கொண்டு என் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேபிளைச் சொருகினேன். தோட்டத்துக் குழாயில் தண்ணீர் அளவாக வர நசுக்கிப் பிடிப்போமே, அந்த மாதிரி நடுவில் இரண்டு விரலால் நசுக்கிக்கொண்டேன். ஒரு வீடியோ போகிற அளவுக்கு மட்டும் இடம் விட்டேன். கம்ப்யூட்டர் டிங் என்றது.

"போன்ல அலோ குடு," என்றான் கிராணி.

போனைக் காதில் வைத்தேன். "அலோ! யாரு பேசறது?"

தங்கச்சி தலையில் கை வைத்துக்கொண்டாள். கிராணி மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் போன் இங்கிலீசில் பேசும், 'அலோ' என்றால் அதில் அனுமதியாம். என் போன் ரிங்லெட்டில் பழசாக வாங்கியது, அன்றிலிருந்து மலாய்தான் பேசுகிறது. இது யாருடைய தப்பு?

"கீழ ரெண்டு பட்டன் வந்திருக்கும் பாரு. சரின்னு சொல்ற பட்டன அமுக்கு லா," என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பார்த்தேன். கேள்வி இருந்த இடம் கறுத்துக் கிடந்தது. பதில்கள் மட்டும் கீழே வெளிச்சத்தில் இருந்தன. ஒன்று தோலாக். மற்றொன்று பெனார்க்கான்.

பள்ளிக்கூடத்தில் நான் மலாய் படிக்கவில்லை. கடைக் கதவுகளில் படித்தேன். கிளினிக் கதவு, மளிகைக் கடைக் கதவு, எங்கே பார்த்தாலும் ஒரு பக்கம் தோலாக், மறு பக்கம் தாரிக். தோலாக் என்றால் தள்ளு, தாரிக் என்றால் இழு. இதை மாற்றிப் படித்து ஒரு முறை கண்ணாடியில் மூக்கை இடித்திருக்கிறேன், அதனால் மறக்காது. பெனார் என்றால் உண்மை. அப்படியென்றால் பெனார்க்கான்? போலீஸ் பாலாயில் கேட்கிற மாதிரி, சொல்வதெல்லாம் உண்மையா என்று போன் கேட்கிறது. துரை வீடியோவை வைத்துக்கொண்டு நான் ஏன் உண்மைக்குச் சத்தியம் பண்ண வேண்டும்? வீடியோ போனிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும். யாராவது தள்ளினால்தானே போகும்?

தோலாக்கை அமுக்கினேன்.

"கோசோங்," என்றான் கிராணி. காலி. திரையைத் திருப்பிக் காட்டினான். போன் படம் ஒன்று வந்திருந்தது, அதைத் திறந்தால் உள்ளே வெள்ளையாக ஒன்றுமில்லை. "திரும்பச் சொருகு."

கேபிளை நசுக்கியது அதிகமாகிவிட்டதோ என்று விரலைத் தளர்த்தினேன். சொருகினேன். மறுபடியும் தோலாக், இந்தத் தடவை நன்றாக அழுத்தி. கோசோங். நல்ல சரக்கு ஏற்றிய லாரியைத் தள்ளுகிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினேன். கோசோங்.

எனக்குக் கிராணிமேல் சந்தேகம் வந்தது. தள்ளியதெல்லாம் போயிருக்கிறது, இவன் எங்கேயோ ஒளித்துவைக்கிறான். கம்ப்யூட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். இன்னொரு வயர் சுவருக்குள் போனது. சுவருக்கு அந்தப் பக்கம் துரை அறை.

"அந்த வயர் எங்க போவுது?"

"பிளக்குக்கு."

"எந்த பிளக்கு?"

"டேய், உன்னோட படிச்ச பாவத்துக்கு எனக்கு இது வேணும்."

அப்போதுதான் தங்கச்சி வாயைத் திறந்தாள்.

"அண்ணே. போன மாசம் போன்ல இடம் இல்ல, அழிச்சுக்கிட்டு இருக்கேன்னு சொன்னியே. எதை அழிச்ச?"

"கோழி வீடியோ."

"எந்தக் கோழி?"

"கம்போங் ராஜால லாரிக்குக் குறுக்க ஓடுச்சே, அந்தக் கோழி."

"கோழியத்தான் அழிச்சியா? நல்லாப் பாத்தியா?"

பார்த்தேனா? அவள் கேட்டதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கோழி வீடியோவும் சின்னது, இதுவும் சின்னது. கோழியும் ஓடும், மாப்பிள்ளையும் எடுக்காதே என்று ஓடுவார். நான் முழித்த முழியைப் பார்த்ததும் அவள் கண் நிறைந்துவிட்டது.

"அழிச்சுட்டு இங்க வந்து எனக்கு நாடகம் காட்டுறியா? குடு இங்க. நீ எதை அமுக்குறன்னு நான் பாக்கணும்."

போனை என் கையிலிருந்து பிடுங்கினாள். கிராணிதான் பயந்துகொண்டே கேபிளைக் கழற்றித் திரும்பச் சொருகினான். இரண்டு பட்டனும் வந்தன. அவள் மலாய்ப் பள்ளியில் மூன்றாம் பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, வரை போனவள். குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இவ்ளோ நேரமும் எதை அமுக்குன?"

"தோலாக்."

"ஏன்?"

"தள்ளணும்ல?"

"ஐயோ, மடையா! கதவுலதான் தோலாக்னா தள்ளு. இது போன் கேக்குது, படத்தக் காட்டவான்னு. நீ வேணாம் வேணாம்னு தள்ளி விட்டுக்கிட்டே இருந்திருக்க! சம்பளச் சீட்டுல தோலாக்னு போட்டா காசு வருதா, போவுதா?"

எனக்கு எல்லாம் விளங்கியது. கிராணி நாற்காலியைவிட்டு எழுந்து ஜன்னலோரம் போய்ச் சுவரைப் பார்த்து நின்றான். தோள் குலுங்கியது. தங்கச்சி 'அனுமதி' என்கிற பெனார்க்கானை அமுக்கினாள்.

மழைக்குப் பிறகு ஈசல் வருகிற மாதிரி வந்தன. பொட்டுப் பொட்டாக, பெரிய திரை முழுக்க என் போன். கோயில், கோழி, சோறு, என் கட்டைவிரல், குடையோடு நான், இலையை மோந்து பார்க்கும் நான். கிராணி திரும்பி வந்தான். அதிலேயே அவன் கை நின்றது.

"இது யாரு நடை?"

"எனக்கு முதுகு வலி."

"முதுகு வலிக்கு எதுக்கு இலைய மோந்து பாக்குற?"

எழுந்து போய் ஆபீஸ் கதவைச் சாத்தினான். வந்து உட்கார்ந்து அதை இரண்டு தடவை போட்டுப் பார்த்தான். "இதுல எனக்கு ஒரு காப்பி எடுத்துக்கட்டா?" என்றான். எடுத்தானா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து துரை என்னைப் பார்த்துச் சாதாரணமாகத் தலையாட்டினால்கூட, அதில் ஏதோ இருக்கிறது என்று அன்றைக்கு முழுக்க யோசிக்கிறேன்.

"அத விடுங்க. அவரு எங்க?" என்றாள் தங்கச்சி.

அழிக்காமல் விட்டிருந்த கோழிக்கு அடுத்தாற்போல் இருந்தார்; அப்போது நான் அழித்தது எதையோ.

கிராணி அமுக்கினான். எங்கள் லயத்து வாசல். மழை. தகரக் கூரைக்குக் கீழே குந்திக்கொண்டு மாப்பிள்ளை மோட்டார் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார். "எடுக்காத லா மச்சான், மூஞ்சியெல்லாம் எண்ணெய்," என்று கையால் மறைக்கிறார். பிறகு வீட்டுக்குள் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் பக்கம் குனிந்து ஏதோ சொல்கிறார். சரியாக அப்போது மழை தகரத்தில் கொட்டுகிறது. வாய் அசைகிறது. சிரிக்கிறார். முடிந்தது.

தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிராணி சத்தமில்லாமல் அதை ஒரு பென்டிரைவில் ஏற்றினான். காப்பி என்றால் போனிலிருந்து எடுத்துவிடுவதா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. திரும்பி வரும் வழியில் பாதி மலை ஏறியதும் அவள் கேட்டாள்.

"உள்ள நான்தானே இருந்தேன். என்னையப் பாத்துட்டு என்ன சொன்னாரு?"

ஞாபகமில்லை என்றேன். அவள் நம்பவில்லை. படம் எடுத்தவன் நீ, மூஞ்சிக்கு நேராகச் சொல்லியிருக்கிறார், அதெப்படி ஞாபகமில்லாமல் போகும்? உனக்குத் தெரியும், எதையோ மறைக்கிறாய். என்னைப்பற்றி ஏதோ குறை சொன்னாரா? அண்ணன் என்ற முறைக்கு நல்லதாக ஒன்றைச் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். சொன்னால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

அவள் வீடும் என் வீடும் ஒரே லயம், நடுவில் ஒரு சுவர்தான். பென்டிரைவை டிவியில் சொருகிச் சாயங்காலமானால் போடுகிறாள். எடுக்காத லா மச்சான் என்ற குரல் சுவர் வழியாக எனக்கும் கேட்கும். அதன் பிறகு மழை.

சத்தியமாக ஞாபகமில்லாமல்தான் இருந்தது. ஆனால் நேற்று மெஷினைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. அன்றைக்கு மழை பிடிப்பதற்கு முன்னால் நாங்கள் பேசிக்கொண்டிருந்தது அவள் வைத்த மீன் கறியைப் பற்றி. அந்த வாசனை வாசல் வரை வந்தது. அப்படிப் பார்த்தால் மாப்பிள்ளை குனிந்து என்னிடம் சொன்னது அநேகமாக—

"அண்ணே! வீடியோல மழை கொஞ்சம் விடுற எடத்துல நிறுத்தி வெச்சிருக்கேன், வாயி நல்லாத் தெரியுது. சட்டுனு வா லா!"

வர்றேன், வர்றேன்.